எடுக்காத மூன்று அழைப்புகள்

டொக்டருக்குக் கொடுத்த வாக்கைக் குணசேகரம் நான்கு நாட்கள் காப்பாற்றினார். ஐந்தாம் நாள் விடிந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது.

போன வாரம் ஒரு டொக்டர் அம்மா இரத்த அழுத்தம் பார்த்து, நித்திரையைப் பற்றி விசாரித்து, கடைசியில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். இவர் "ஒரு மணித்தியாலம்" என்றதும், பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி சயந்தினி கூரையைப் பார்த்தபடி "ஏழு" என்றாள். டொக்டர் மனைவியைத்தான் நம்பினார். இனி நாளுக்கு அரை மணித்தியாலம், முகநூலில் அரசியல் வாதம் அறவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். குணசேகரமும் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் டெனிஷில் கொடுத்த வாக்கு அவருக்கு வேலைத்தளத்து உடுப்பு மாதிரி. வாசலைத் தாண்டியதும் கழற்றிவிடுவார். தமிழில் சத்தியம் வாங்கியிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும்.

அவரைக் கூடாத மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. டென்மார்க்கின் புரொண்பியில் ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. ஒரு நாள் பிந்திப் போனதில்லை. ஒரே மகள் நிரோஜினி ஓகூஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். குறை என்றால் ஒன்றே ஒன்றுதான். ஊரில், இலங்கையில், வருகிறது, வருகிறது என்று சொல்லப்படும் மாகாண சபைத் தேர்தலில் சனம் எந்த அணிக்கு வாக்குப் போட வேண்டும் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத ஒரு கருத்து இருந்தது. அங்கே அவருக்கு வாக்கில்லை. வாக்கு இருக்கிற இடத்தில், அதாவது புரொண்பியில், போன நவம்பரில் நகரசபைத் தேர்தல் நடந்தபோது அவர் முகநூலில் ஒரு முக்கியமான சண்டையில் இருந்தபடியால் போக நேரம் கிடைக்கவில்லை. அந்த வாக்கு அட்டை இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு நிற்கிறது. சயந்தினி வேண்டுமென்றே அதை எடுக்காமல் விட்டிருக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் புதன்கிழமை அந்தச் செய்தி வந்தது. ஓகூஸில் அவருடைய பழைய நண்பன் கோணேஸ்வரன் மாரடைப்பில் போய்விட்டான்.

கோணேஸ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை செய்தவன். முப்பது வருடம் எத்தனையோ பேரைத் தள்ளியவன், தான் போகும்போது ஒருவருக்கும் அந்த வேலை வைக்கவில்லை. விடிய எழும்பித் தேத்தண்ணி கேட்டானாம். மனைவி கோகிலா கொண்டுவந்து வைக்கும்போது ஆள் இல்லை.

அவனும் குணசேகரமும் டென்மார்க்குக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளிர்கோட். ஒருவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் மற்றவர் அறைக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒரு பனிக்காலம் முழுவதும் இருந்தார்கள்.

மூன்று நாளாகக் குணசேகரத்தின் தொண்டையில் ஒரு முள் நின்றது. செவ்வாய்க்கிழமை பின்னேரம், சாவதற்கு முதல் நாள், கோணேஸ் அவருக்கு மூன்று தரம் அழைத்திருந்தான். மூன்று தரமும் அவர் எடுக்கவில்லை. "உள்ளதைச்சொல்வான்" என்ற பெயரில் எழுதும் முகமில்லாத ஒரு எதிரியோடு அந்த நேரம் சண்டை உச்சத்தில் இருந்தது. பிறகு எடுக்கலாம் என்று அழைப்பை வெட்டினார். அந்தப் பிறகு வரவே இல்லை. இதை அவர் சயந்தினிக்குச் சொல்லவில்லை.

அதற்கு மேல் வெள்ளிக்கிழமை கோகிலாவே போன் எடுத்து, "வாற வியாழக்கிழமை கிரியை, அண்ணை. சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். முன்பக்கத்துக் கைபிடி உங்களுக்குத்தான். அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்" என்றாள். குணசேகரம் "ஓம், தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் சயந்தினி ஐந்து மணிக்கே எழும்பி அறுபது இடியப்பம் அவித்து, சொதி, சம்பல் என்று பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். குணசேகரம் வெள்ளைச் சேட்டுப் போட்டு, சீப்பால் தலை இழுத்து, சோபாவின் நுனியில் போனோடு இருந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம். முகநூலில் நேரே எழுத மாட்டார். ஒருமுறை முக்கால் மணித்தியாலம் எழுதிய பதில் கை பட்டு மறைந்துபோனதிலிருந்து எதையும் போனில் குறிப்பு எழுதுகிற இடத்தில் முதலில் எழுதி, பிறகு அதைப் பிரதி எடுத்து ஒட்டுவார். அன்றும் இரண்டு எழுதிவைத்திருந்தார். ஒன்று கோணேஸின் மரண அறிவித்தலுக்குக் கீழே போடுவதற்கான அனுதாபம். மற்றது உள்ளதைச்சொல்வானுக்கு. நண்பன் செத்த மூன்றாம் நாள் எதிரிக்குப் பதில் எழுதலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் அவன் வெள்ளி இரவு எழுதிய பதிலை அப்படியே விட்டால் தோற்றுப்போனது மாதிரி ஆகிவிடும் என்று இவருக்குப் பட்டது. துக்கத்துக்கு நடுவிலும் அந்த ஒரு இடம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

"இஞ்சேருங்கோ, கார் திறப்பு எங்கை? வெளிக்கிடுவம்!"

"ரெண்டு நிமிஷம்."

"உங்கடை ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும். சொதி ஆறுது."

ஒன்றைப் பிரதி எடுத்து ஒட்டினார். மற்றதையும் எடுத்து ஒட்டினார். நிமிர்ந்தபோது சயந்தினி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"போன். ஓகூஸ் போய்ச் சேருமட்டும் என்ரை பையுக்கை இருக்கட்டும்."

அவர் கொடுத்தார். கொடுக்கும்போது உண்மையில் ஒரு நிம்மதி. இரண்டு கடமையும் முடிந்துவிட்டது.

சயந்தினிதான் கார் ஓட்டினாள். வைகாசி மாதம். ரோட்டின் இருபக்கமும் மஞ்சள் பூ வயல்கள் விரிந்து கிடந்தன. ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. கடலைக் கடக்கும் ஸ்டோரபெல்ட் பாலத்தில் ஏறி, காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கிய நேரம் காரின் ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தது. நிரோஜினி. அவள் வியாழக்கிழமையிலிருந்து கோகிலா வீட்டில்தான் நிற்கிறாள். கோணேஸ் மாமா அவளுக்குச் சைக்கிள் பழக்கியவர்.

"அம்மா, அப்பா பக்கத்திலையா?"

"ஓம் பிள்ளை. என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

மகள் படபடவென்று டெனிஷில் ஏதோ சொன்னாள். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு தமிழுக்கு வந்தாள். கோபம் மிஞ்சினால்தான் அவள் அப்பாவோடு தமிழ் கதைப்பாள்.

"அப்பா, மாமாட மரண அறிவித்தலுக்குக் கீழை என்ன எழுதியிருக்கிறீங்கள்?"

"அனுதாபம்தான் பிள்ளை. ஏன், எழுத்துப்பிழை ஏதுமோ?"

"நான் வாசிக்கிறன். கேளுங்கோ."

எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். சனிக்கிழமை தோறும் அழ அழத் தமிழ்ப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போனவர் இவர்தான்.

"உன்னை… மாதிரி… ஆக்கள்… இருந்து… இனத்துக்கு ஒரு… பிரயோசனமும் இல்லை. இவ்வளவு நாளும்… கதைச்சது காணும். இனியாவது… வாயை மூடிக்கொண்டு… படு."

கோணேஸின் படம், மாலை, விளக்கு, பிறந்த திகதி, இறந்த திகதி. அதற்குக் கீழே இது. குணசேகரத்தின் பெயரோடு, குணசேகரத்தின் சிரித்த முகப் படத்தோடு.

"அப்பா? கேட்டதா?"

"பிள்ளை, மாறிப்போச்சு… அது வேறை ஆளுக்கு… ஐயோ!"

"சிவபாதம் மாமா பார்த்திட்டார். எல்லாருக்கும் காட்டிட்டார். ஆரோ படம் பிடிச்சு வட்ஸ்அப் குறூப்பிலையும் போட்டுட்டினம்." அவள் குரல் உடைந்தது. "கோகிலா மாமி இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. அறையுக்கை இருக்கிறா."

அழைப்பு நின்றது.

பாலத்தில் காரை நிறுத்த முடியாது. பதினெட்டுக் கிலோமீற்றர், கீழே கடல், மேலே காற்று. சயந்தினி முன்னுக்குப் பார்த்தபடியே, "பை பின்சீற்றிலை கிடக்கு. எடுத்து அழியுங்கோ" என்றாள். அவர் எடுத்தார். அவசரத்தில் இரண்டு தரம் கடவு இலக்கத்தைப் பிழையாக அழுத்தினார். மூன்றாம் தரம் திறந்தது. அந்த வசனத்தைத் தன் கண்ணாலேயே பார்த்தார். எழுதும்போது எவ்வளவு கூர்மையான பதில் என்று தோன்றியதோ, இப்போது அது அவ்வளவு அசிங்கமாக இருந்தது. கீழே பதினேழு பேர் கோப முகம் போட்டிருந்தார்கள். ஒருவன் சிரித்த முகம் போட்டிருந்தான். அழித்தார்.

பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. அனுதாபம் எங்கே போனது? எதிரியிடம்!

அவசரமாக அந்தப் பதிவைத் தேடினார். நானூற்றுப் பன்னிரண்டு கருத்துகளோடு காலையில் நின்ற பதிவு இப்போது இல்லை. மாயமாய் மறைந்திருந்தது. உள்பெட்டியில் மட்டும் ஒரு செய்தி கிடந்தது. உள்ளதைச்சொல்வான் எழுதியிருந்தான்:

"அண்ணை, இது எனக்கு எழுதினதில்லை எண்டு விளங்குது. ஆரோ உங்கடை உயிர்ச் சிநேகிதனுக்கு. சனம் பார்த்துப் பகிடி பண்ண முதல் நான் என்ரை பதிவையே மறைச்சிட்டன். வாசிச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

குணசேகரம் அதை இரண்டு தரம் வாசித்தார். எட்டு மாதமாக இந்த ஆளை அவர் எத்தனை கெட்ட பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்! அதில் ஒன்றுக்கும் இந்தச் செய்தி பொருந்தவில்லை.

பாலம் முடிந்து நீபோர்க்கில் ஒரு ஓய்விடத்தில் சயந்தினி காரை நிறுத்தினாள். இயந்திரத்தை அணைத்தாள். ஏசப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"அனுதாபம் எண்டு என்ன எழுதினனீங்கள்? அதைக் காட்டுங்கோ."

அவர் குறிப்பைத் திறந்து நீட்டினார். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய முகம் மாறியது.

"மூண்டு தரமோ?"

"ஓம்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீர் ஏசுவீர் எண்டு."

"ஏசியிருப்பன்தான். ஏச்சு வாங்கி ஆள் செத்ததில்லை. உந்த விசயத்தை உள்ளுக்கை வைச்சுக்கொண்டு திரிஞ்சாத்தான் நெஞ்சு வெடிக்கும்." அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு உங்கடை அரசியலிலை கோபமில்லை. நான் கொண்டுவந்து வைக்கிற சோற்றை நீங்கள் என்ன கறி எண்டு பாராமல் தின்னுறதிலைதான் கோபம்." போனைத் திரும்பத் தன் பைக்குள் வைத்தாள்.

மிச்ச வழி முழுவதும் குணசேகரம் ஒரு காரியம் செய்து பார்த்தார். இந்த எட்டு மாதத்தில் தான் வென்ற சண்டை ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். வென்றிருக்கிறார், அது நிச்சயம். "அண்ணை, போட்டுத் தாக்கியிட்டியள்" என்று நாலு பேர் கைதட்டியிருக்கிறார்கள். அந்தக் கைதட்டல் ஒரு பத்து நிமிடம் நெஞ்சுக்குள் சூடாக இருக்கும். பிறகு ஆறிப்போய், இன்னொன்று வேண்டும் போல இருக்கும். எதை வென்றார், எவன் ஒத்துக்கொண்டான் என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் முகாமில் மின்கேத்தலுக்குள் முட்டை அவித்து, அது உடைந்து, கேத்தல் நாறி, கோணேஸ் விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் நேற்று நடந்தது போல வந்தது.

ஓகூஸில் கோகிலாவின் வீடு மூன்றாம் மாடி. படிக்கட்டு முழுவதும் சப்பாத்துகள். கதவைத் திறந்தவர் கோகிலாவின் தமையன் சிவபாதம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் மாதிரி நிற்பார். உண்மையில் மீன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். சயந்தினியின் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டிகளை மரியாதையாக வாங்கி, பின்னால் நின்ற நிரோஜினியிடம் கொடுத்தார். பிறகு குணசேகரத்துக்கு முன்னால் கையைக் குறுக்கே வைத்தார்.

"சயந்தினி வரட்டும். நீர் வரத் தேவையில்லை. பெட்டி தூக்கவும் வேறை ஆள் பார்த்தாச்சு."

உள்ளே இருபது, இருபத்தைந்து பேர். கதை நின்று எல்லா முகமும் வாசல் பக்கம் திரும்பியது. நிரோஜினி சாப்பாட்டுப் பெட்டிகளோடு தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போய்விட்டாள். மகள் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டதை அவர் அன்றுதான் முதன்முதலில் கண்டார்.

குணசேகரத்துக்கு வாதாடத் தெரியாதென்று இல்லை. நானூறு கருத்துகளுக்கு நடுவில் தனியாக நின்று வாளைச் சுழற்றியவர். வாயில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன.

"அண்ணை, அது கை மாறிப் போட்டுது. பிரதி எடுத்து ஒட்டேக்கை வந்த பிழை. கோணேஸுக்கு நான் அப்பிடி எழுதுவனே?"

"கை மாறினது பிழைதான். ஏற்றுக்கொள்ளுறன்." சிவபாதம் குரலை உயர்த்தவில்லை. "அந்தச் சொல்லை எழுதினது ஆர்? அதுவும் ஒரு மனிசனுக்கெண்டுதானே எழுதினனீர்? அவன் வீட்டிலையும் ஒரு பெண்சாதி, பிள்ளை வாசிக்காதோ?"

குணசேகரத்துக்கு உள்பெட்டியில் கிடந்த அந்தச் செய்தி நினைவுக்கு வந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று அந்த ஆள் எழுதியிருந்தான். இவரல்லவா எழுதியிருக்க வேண்டும்?

"நீங்கள் சொல்லுறது சரி, அண்ணை" என்றார். கடைசியாக எப்போது இந்த வசனத்தை யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. திரும்பிச் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார்.

"அண்ணை, அவரை உள்ளை விடுங்கோ."

அறை வாசலில் கோகிலா நின்றாள். மூன்று நாளில் பத்து வயது கூடியிருந்தாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள்.

"குணம் அண்ணை, அது மாறி வந்தது எண்டு எனக்குத் தெரியும். அவருக்கு எண்டு எழுதினது எங்கை?"

"போனிலை இருக்கு, தங்கச்சி."

"வாசியுங்கோ."

"இப்பவோ? இவ்வளவு பேருக்கு முன்னாலையோ?"

"மற்றதை இவ்வளவு பேரும்தானே வாசிச்சவை."

நியாயம். சயந்தினி பையைத் திறந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். விளக்கேற்றியிருந்த படத்துக்கு முன்னால் நின்றார். எட்டு மாதமாக எழுதியது எதையும் அவர் வாய்விட்டு வாசித்ததில்லை. இது வேறு வேலை என்று முதல் வரியிலேயே தெரிந்தது.

"மச்சான் கோணேஸ். செவ்வாய்க்கிழமை நீ மூண்டு தரம் போன் எடுத்தாய். நான் ஒரு தரமும் எடுக்கேல்லை. வேலையாக இருக்கேல்லை. நித்திரையும் இல்லை. ஆரெண்டே தெரியாத ஒருத்தனோடை சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்தனான்." படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "முகாமிலை எங்களுக்கு ஒரே கோட். நீ வெளியிலை போனால் நான் யன்னலடியிலை நிண்டு நீ எப்ப வருவாய் எண்டு பார்ப்பன். கோட்டுக்காக எண்டு நீ நினைச்சிருப்பாய். கோட்டுக்காக இல்லையடா. நீ இப்ப எங்கை போனாய் எண்டு தெரியேல்லை. யன்னலடியிலை நிக்கிறன். என்னை மன்னிச்சுக்கொள்."

சிவபாதம் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். குசினி வாசலில் நிரோஜினி சொதிப் பாத்திரத்தைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

கோகிலா அழவில்லை. அழுது முடித்தவள் போல இருந்தாள்.

"அண்டைக்கு அவருக்கு ஒரு அவசரமும் இல்லை, அண்ணை. நெஞ்சு நோ எண்டு எடுக்கேல்லை. சும்மா உங்கடை நினைப்பு வந்து எடுத்தவர். நீங்கள் எடுக்கேல்லை எண்டவுடனை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேஸ்புக்கைத் திறந்தவர். அவர் ஒருநாளும் ஒரு சொல் எழுத மாட்டார். உங்கடை சண்டையை மட்டும் வாசிப்பார். ஒவ்வொரு நாளும்."

"என்ரையோ?"

"ஓம். அண்டைக்கும் வாசிச்சுப்போட்டு, 'குணம் இண்டைக்கும் வெளுத்து வாங்குறான். ஆள் சுகமாத்தான் இருக்கிறான். நாளைக்கு எடுப்பம்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் படுத்தவர்." அவள் அவருடைய முகத்தை நேரே பார்த்தாள். "நீங்கள் சுகமாத்தான் இருந்தியளோ, அண்ணை?"

டொக்டர் அக்கறையாகச் சொன்னபோது அவர் "யா, யா" என்றிருந்தார்.

"இல்லை, தங்கச்சி" என்றார் குணசேகரம். "நான் சுகமா இல்லை."

சயந்தினி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். வந்திருந்தவர்களில் யாரோ ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவர் கையில் வைத்தார்கள். சீனி கூட என்று அவருக்குத் தெரிந்தது. நெடுநாளைக்குப் பிறகு ஒரு தேத்தண்ணியில் சீனி கூடவா குறையவா என்று தெரிந்தது.

கோகிலா தமையனோடு ஏதோ மெதுவாகக் கதைத்தாள். சிவபாதம் முதலில் தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு ஆட்டவில்லை. அவளே வந்து சொன்னாள்.

"வியாழக்கிழமை பெட்டிக்கு நீங்களும் வாங்கோ. ஆனா முன்னுக்கு வேண்டாம். வட்ஸ்அப்பிலை வந்த அந்தப் படத்தைச் சனம் பார்த்திட்டுது. முன்னுக்கு நீங்கள் நிண்டால் என்ரை பிள்ளையளுக்கு மனம் நோகும். பின்னுக்குக் கடைசிக் கைபிடியைப் பிடியுங்கோ."

மன்னிப்பு முழுதாகக் கிடைக்கவில்லை. அப்படிக் கிடைத்திருந்தால் அவரால் நம்பியிருக்க முடியாது.

"கடைசி எண்டாலும் காணும், தங்கச்சி. பாரம் எல்லா இடமும் ஒண்டுதானே."

நாலு மணியளவில் சனம் கொஞ்சம் குறைந்தது. குணசேகரம் குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிரோஜினி பக்கத்தில் நின்று துடைத்தாள். அவள் இன்னும் அவரோடு சரியாகக் கதைக்கத் தொடங்கவில்லை. ஆனால் துடைத்த கோப்பைகளை அவருடைய பக்கமாகவே அடுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து டெனிஷில், "அந்தச் சண்டைக்காரனுக்கு ஏதாவது பதில் எழுதினீர்களா?" என்று கேட்டாள்.

"எழுதினன். மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி. அதுக்கு அந்த ஆள் என்ரை நம்பர் கேட்டுது. எழுதினா நாங்கள் ரெண்டு பேரும் திருப்பியும் சண்டைதான் பிடிப்பமாம். கதைச்சாத்தான் சரியாம்."

"குடுத்தீங்களா?"

"குடுத்திட்டன்."

"அப்பா!" என்றாள் மகள். அது ஏச்சா, சிரிப்பா என்று அவருக்கு விளங்கவில்லை.

அப்போது குசினி வாசலில் நின்ற சயந்தினியின் பைக்குள் அவருடைய போன் அடித்தது. சயந்தினி எடுத்துப் பார்த்தாள். தெரியாத இலக்கம், டென்மார்க் இலக்கம்தான். அவருக்கு நீட்டினாள். அவருடைய இரண்டு கையும் சவர்க்கார நுரை. ஒரு தரம் அடித்து ஓய்ந்தது.

உடனே மறுபடியும் அடித்தது. துடைக்கத் துணியைத் தேடினார். நிரோஜினி துணியை எறிந்தாள். கை காய்வதற்குள் இரண்டாம் தரமும் நின்றது.

மூன்றாம் தரம் அடித்தபோது குணசேகரம் ஈரக் கையோடேயே பாய்ந்து எடுத்தார்.

"ஓம், சொல்லுங்கோ. நான் குணசேகரம் கதைக்கிறன். எடுத்திட்டன், எடுத்திட்டன், போனை வையாதேங்கோ."

மறுபக்கத்தில் ஒரு குரல். ஆணின் குரல் இல்லை. நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒரு பெண்ணின் குரல்.

"அண்ணை, நான்தான் உள்ளதைச்சொல்வான். நான் ஓகூஸிலை இருக்கிறன். நீங்கள் எழுதின கோணேஸ்… ஆஸ்பத்திரியிலை என்னைக் கட்டிலோடை தள்ளிக்கொண்டு போன கோணேஸ் அண்ணையோ?"